இருபது நிமிட அறையும் தாய்மீது வைத்த தீர்ப்பும்

பிணைப்புக் கோட்பாட்டுக்குள் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. தனக்கென்று நிலையாக இருக்கும் சிலர் இல்லாவிட்டால் குழந்தையின் வளர்ச்சி சிதையும் என்பது முதலாவது. தாய் தன் குழந்தையை எப்படி வளர்த்தாள் என்பதை ஒரு வயதில் அக்குழந்தையை ஆய்வறையில் இருபது நிமிடம் பார்த்தே சொல்லிவிடலாம், பின்னாளில் அது எப்படி இருக்கும் என்றும் அதைக்கொண்டு கணிக்கலாம் என்பது இரண்டாவது. ஜான் பௌல்பியும் மேரி அயின்ஸ்வர்த்தும் எழுப்பிய இந்தக் கோட்பாட்டைப் போற்றுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் இவ்விரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள சான்றுகளின் தரம் ஒன்றல்ல.

முதல் கூற்று பிறந்த காலத்தை மறந்தால் அதன் அருமை தெரியாது. நடத்தைவாத உளவியலின் முன்னோடியான ஜான் வாட்சன், 1928-இல் வெளியான குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளைக் கட்டியணைத்துக் கொஞ்ச வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு அறிவுரை சொன்னார். பெற்றோர் வந்துபோனால் பிள்ளை அழுகிறது என்று காரணம் காட்டி, பிரிட்டிஷ் மருத்துவமனைகள் அவர்களின் வருகையைக் கடுமையாகச் சுருக்கி வைத்திருந்தன. இந்தச் சூழலில்தான் உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தாய்ப் பராமரிப்பும் மனநலமும் குறித்த அறிக்கையை பௌல்பி 1951-இல் எழுதினார். அவர் சென்று சேர்ந்த முடிவு பெரிது. கையில் இருந்த சான்று மெலிது. 44 சிறார் திருடர்களைப் பற்றி 1944-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பிள்ளை பாசமற்றது, எது தாயைப் பிரிந்திருந்தது என்ற இரண்டையும் முடிவு செய்தவர் அவரேதான். தாயைப் பிரிவதும், யாரோடும் பிணைப்பே அமையாமற்போவதும், வீட்டில் ஓயாத சச்சரவும் வெவ்வேறு காரணங்கள், அவற்றை ஒன்றாகக் குவிக்கக் கூடாது என்று மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972-இல் எழுதியது நியாயமான கண்டனம்.

இருந்தும் பௌல்பியின் உடன் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் எடுத்த ஆவணப்படத்தை ஒதுக்க முடியாது. லாரா என்ற இரண்டு வயதுச் சிறுமி மருத்துவமனையில் கழித்த 8 நாள்கள்தான் படம். ஒரே ஒரு குழந்தை அறிவியல் கணக்கில் சான்றாகாது. ஆனால் அழுகையை அடக்கிக்கொள்ளும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அமைதியாகக் கிடக்கும் குழந்தை நலமாக இருக்கிறது என்று மருத்துவர்களால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. பெற்றோரை உள்ளே விடுங்கள் என்று மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு 1959-இல் பரிந்துரைத்தது.

திடமான சான்று வெகு காலம் கழித்துத்தான் வந்தது. ருமேனியாவில் சௌஷெஸ்கு அரசு 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது; பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளைகள் பெருகினார்கள். 1989-இல் அந்த ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். சோறும் கட்டிலும் இருந்தன; பணிமுறைக்குப் பணிமுறை மாறும் ஊழியர்களில் குழந்தைக்கு உரியவர் என்று ஒருவர் இல்லை. ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் புக்கரெஸ்டின் 6 இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, குடும்பத்துக்குச் சென்றவர்களின் அறிவுத்திறன் இல்லத்தில் தங்கியவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் அதிகம் மீண்டார்கள். வளர்ப்பவரோடான பிணைப்பும் அவர்களிடம் மேம்பட்டிருந்தது. யார் போவது என்பதைக் குலுக்கலே தீர்மானித்ததால், நல்ல குழந்தைகளைப் பார்த்துத் தேர்ந்துவிட்டார்கள் என்ற ஐயத்துக்கு இடமில்லை.

இங்கேயும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. குடும்பம் பாசத்தை மட்டும் தரவில்லை. பேச்சையும் விளையாட்டையும் சேர்த்தே தந்தது. மீட்சியில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அதனால் முதல் கூற்று தளர்ந்துவிடுவதில்லை. பேச்சும் விளையாட்டும் யாரிடமிருந்து வரும்? அந்தக் குழந்தைக்கென்று இருக்கும் ஒருவரிடமிருந்துதான்.

இனி இரண்டாவது கூற்று. அதன் வேர் உகாண்டாவில் இருக்கிறது. 1954-இல் கணவரின் பணி நிமித்தம் கம்பாலாவுக்குச் சென்ற அயின்ஸ்வர்த், அருகிலிருந்த கிராமங்களில் 26 குடும்பங்களை மாதக்கணக்கில் வீடு தேடிச் சென்று கவனித்தார். தாய் மடியை விட்டு ஊர்ந்து போய்ச் சுற்றிப் பார்த்துத் திரும்பி வரும் குழந்தை அவர் கண்ணில் பட்டது அங்கேதான். தன் குழந்தையைப் பற்றி நுணுக்கமாக விவரிக்கத் தெரிந்த தாயின் பிள்ளை உறுதியான பிணைப்போடு இருந்ததையும், தாய் தவிர வேறு சிலரிடமும் குழந்தைகள் ஒட்டிக்கொண்டதையும் அவர் பதிவுசெய்தார். குழந்தை ஆய்வின் வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் களப்பணிகளில் இது ஒன்று.

பிறகு பால்டிமோர். அங்கும் 26 குடும்பங்கள். ஓராண்டில் வீட்டுக்கு சுமார் 72 மணி நேரக் கவனிப்பு. அதன் முடிவில் வருவதுதான் ‘அந்நியச் சூழல்’ என்ற சோதனை: அறிமுகமில்லாத அறை, பொம்மைகள், புதியவர் ஒருவர், தாய் இருமுறை வெளியே போய்த் திரும்புதல். அழுகையைவிடத் தாய் திரும்பியதும் குழந்தை என்ன செய்கிறது என்பதே முக்கியம். நாடிச் சென்று ஆறுதல் பெறுவது உறுதியான பிணைப்பு, கண்டுகொள்ளாதிருப்பது விலகும் பிணைப்பு, ஒட்டிக்கொண்டே சினந்து தள்ளுவது முரண்டும் பிணைப்பு. 72 மணி நேரம் பின்னால் நின்று தாங்கியதால்தான் இருபது நிமிடத்துக்குப் பொருள் இருந்தது. பின்வந்த பல ஆய்வுக்கூடங்கள் அறையை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டன. இந்தத் துறையின் பெரும்பிழை அதுவே.

அறை ஊர் மாறியதும் தடுமாறியது. வட ஜெர்மனியின் பீலஃபெல்டில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் ‘விலகும்’ வகையில் விழுந்தன. ஜப்பானின் சப்போரோவில் அந்த வகையில் ஒன்றுகூட இல்லை, முரண்டும் வகை மிகுந்தது. தாயைவிட்டு அரிதாகவே பிரியும் ஜப்பானியக் குழந்தைக்கு, அறையில் தனியே விடப்படுவது தாங்கமுடியாத அதிர்ச்சி என்று அங்கு ஆய்வு செய்த தகாஹாஷி விளக்கினார். பீலஃபெல்டின் தாய்மார் தங்கள் பிள்ளை சீக்கிரமே தனித்து நிற்கப் பழக வேண்டும் என்று விரும்பியவர்கள். கோட்பாட்டின் ஆதரவாளர்கள் இதற்குச் சொல்லும் பதில், வான் ஐசன்டோர்னும் குரோனன்பெர்க்கும் 1988-இல் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்தது: நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை மடங்கு. பண்பாடுதான் காரணம் என்ற எளிய கண்டனத்தை இது முறியடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே, ஒரே நாட்டில் ஆய்வுக்கு ஆய்வு விளைவு அவ்வளவு மாறும் கருவியைத் தனி ஒரு குழந்தைமீது வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கும் அதே எண்தான் சான்று.

தாயின் பங்கு எவ்வளவு? குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதற்கும் பிணைப்பின் உறுதிக்கும் பால்டிமோரில் மிக நெருங்கிய தொடர்பு தெரிந்தது. 66 ஆய்வுகளைத் தொகுத்த 1997-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில் ஒட்டுறவுக் கெழு 0.24-ஆக இறங்கியது, அதாவது வேறுபாட்டில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு. அதைப் பூச்சியம் என்று தள்ளவும் கூடாது. தாய்மாருக்குக் குறிப்பறியப் பயிற்சி தந்தால் குழந்தையின் பிணைப்பும் ஓரளவு உறுதிப்படுகிறது என்று 2003-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆக, காரணம் உண்மை, கனம் குறைவு. மீதி எங்கே என்று தேடாமல் தாயையே மீண்டும் மீண்டும் அளந்ததுதான் குறை. காங்கோவின் இதூரிக் காட்டில் ஏஃபே மக்களின் நான்கு மாதக் குழந்தை நாளின் பெரும்பகுதியைத் தாயல்லாத கைகளில் கழிப்பதை ஆய்வாளர்கள் டிரோனிக்கும் மொரெல்லியும் 1987-இல் எழுதினார்கள். ஒரு பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பும் அறைக்கு அந்தக் கைகள் தெரியாது.

வருங்காலக் கணிப்பு இன்னும் மெலிது. ஒரு வயதில் பார்த்த 50 பேரை இருபது ஆண்டு கழித்துப் பார்த்த ஆய்வில் 72 விழுக்காட்டினர் உறுதி, உறுதியின்மை என்ற பிரிவில் மாறாதிருந்தனர். பின்வந்த பெரிய அமெரிக்க நெடுங்கால ஆய்வில் அந்த நிலைத்தன்மை மிகக் குறைவாகவே தெரிந்தது.

என் முடிவு: முதல் கூற்று நிரூபிக்கப்பட்டது, எந்த அரசும் மருத்துவமனையும் குழந்தைகள் இல்லமும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டாவது, குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கருவியாக மட்டும் நிற்கும். தாயின் தகுதியை எடைபோடும் கருவியாக அது தேறவில்லை, வேலைக்குப் போகும் பெண்ணைக் குற்றவாளியாக்க அதைப் பயன்படுத்தியது அநீதி. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று குடும்ப நீதிமன்றங்கள் தீர்மானிக்கும்போது இந்த அளவீட்டைத் தனித்து நம்ப வேண்டாம், தனிநபர் அளவில் அதற்கு அவ்வளவு துல்லியம் இல்லை என்று 2021-இல் இத்துறையின் 70 ஆய்வாளர்கள் கூட்டாக எழுதினார்கள். அதை எழுத அவ்வளவு காலம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. 1988-இன் தொகுப்பே போதுமானதாக இருந்தது.