திருக்கயிலாய பரம்பரை: மரபும் வரலாறும்

சைவ சித்தாந்தம் பயிலப் புகும் மாணாக்கன் முதற்கண் நெட்டுருச் செய்வது எட்டுப் பெயர்களையே. திருநந்திதேவர், சனற்குமாரர், சத்தியஞான தரிசினிகள், பரஞ்சோதி முனிவர் என்னும் நால்வரும் அகச்சந்தான குரவர். மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்னும் நால்வரும் புறச்சந்தான குரவர். வரிசை பிறழாது இவற்றை எழுதியவனுக்கு வினாத்தாளில் முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். அதன்பின் அப்பெயர்களைப் பற்றி அவன் சிந்திப்பதுமில்லை. ஆசிரியராகிய நாம் அவனைச் சிந்திக்கத் தூண்டுவதுமில்லை.

இவ்வெட்டுப் பெயர்களையும் அரசர் வமிசாவளி போலக் கால வரிசையாகக் கொள்வார் ஒரு சாரார். முதல் நால்வர் கயிலையிலும் வானிலும் உறைந்தவராதலின் முழுதும் கட்டுக்கதையெனத் தள்ளுவார் மற்றொரு சாரார். இருதிறத்தாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது எமது கருத்து. பரம்பரை எதற்காகச் சொல்லப்பட்டது, யாரால் சொல்லப்பட்டது, எவரை விட்டுச் சொல்லப்பட்டது என்னும் மூன்றையும் அவர்கள் கேட்டிலர்.

ஞானம் ஏட்டிற் படித்துப் பெறுவதன்று, தீக்கை வாயிலாகக் குரவன் மாணாக்கனுக்கு வழங்குவது என்பது ஆகம நெறியின் அடிப்படை. தான் பெறாத ஒன்றை ஒருவன் பிறர்க்கு வழங்குதல் இயலாது. ஆகவே குருவுக்கு ஒரு குரு, அவர்க்கும் ஒரு குரு எனப் பின்னோக்கிச் செல்லும் தொடர் இறைவனிடத்தன்றி வேறெங்கும் முடிதற்கில்லை. இத்தொடர் அறுபட்டதாயின் தீக்கையும் வெறுஞ் சடங்காய் ஒழியும். மறையாக உபதேசிக்கப்படும் நெறிகள் யாவற்றிலும் பரம்பரைக்கு இத்துணை மதிப்பு நேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. அஃது ஒரு வரலாற்றுக் குறிப்பாகத் தோன்றியதன்று. உரிமைப் பத்திரமாகத் தோன்றியது. உரிமைப் பத்திரத்தை வாசிக்கும் முறையும் சரித்திர நூலை வாசிக்கும் முறையும் வேறு வேறாம்.

இனி, மெய்கண்டார்பாற் செல்வோம். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர்க்குத் திருவெண்காட்டு இறைவன் திருவருளாற் பிறந்த பிள்ளை சுவேதவனப்பெருமாள் என்றும், மாமனார் ஊராகிய திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தார் என்றும், அகத்தியரைக் காணப் பொதியை நோக்கி வான்வழிச் சென்ற பரஞ்சோதி முனிவர் அக்குழந்தையின் பக்குவம் கண்டு இறங்கி உபதேசித்தார் என்றும் மரபு கூறும். தம் குருவாகிய சத்தியஞான தரிசினிகள் பெயரையே தமிழாக்கி மெய்கண்டார் எனச் சூட்டினார் என்பர். இப்பகுதி நின்று நோக்கற்பாலது. அகச்சந்தானமும் புறச்சந்தானமும் பொருந்தும் மூட்டுவாய் இதுவே. அம்மூட்டுவாயில் நிற்பது ஒரு பெயரின் மொழிபெயர்ப்பு! வடமொழிப் பெயர் தமிழாயிற்றா, தமிழ்ப்பெயரைக் கண்ட பிற்காலத்தார் அதற்கிணங்க வடமொழிக் குருவொருவரை அமைத்துக்கொண்டனரா என்னும் ஐயம் நடுநிலையாளர்க்கு எழுதல் இயல்பே. இதனை எழுப்புதல் சமய நிந்தையாகாது.

சிவஞானபோதம் பற்றிய வழக்கும் இதனோடு ஒட்டியதே. பன்னிரு சூத்திரங்களும் இரௌரவாகமத்துள்ள வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு என்பது பழைய கொள்கை. சிவஞான முனிவர் அதனையே நாட்டினார். தமிழ்நூலே முதனூல் என வாதித்தோர் 20 ஆம் நூற்றாண்டிற் பலராயினர். புதுச்சேரியில் ஆராய்ந்து அச்சிடப்பட்ட இரௌரவாகமப் பகுதிகளில் அச்சூத்திரங்கள் காணப்படாமை அன்னார்க்கு வலிமை தந்தது. எவ்வாறாயினும், நூலின் சிறப்புப்பாயிரம் நந்தியெம்பெருமான் முனிவர் குழாத்துக்கு அருளியதனை வெண்ணெய்ச் சுவேதவனர் உரைத்தார் என்றே கூறுகின்றது. அப்பாயிரம் மெய்கண்டார் வாக்கன்று. அதில் நந்தி உண்டு, முனிவர் கூட்டம் உண்டு, மெய்கண்டார் உண்டு. இடைநின்ற மூவரும் பெயர் சுட்டப்பட்டிலர்.

அவர்களைத் தொடராக நிறுத்திப் பாடியவர் உமாபதி சிவாசாரியார். தமது சிவப்பிரகாசப் பாயிரத்தில் நந்தி முதலாகத் தம் குரு மறைஞானசம்பந்தர் ஈறாக அனைவரையும் ஒரே பாட்டில் வணங்குகின்றார். உமாபதியார் காலத்தில் ஐயமில்லை. தமது சங்கற்பநிராகரணத்தில் சக ஆண்டு 1235 என அவரே குறித்துள்ளமையால் அது கி.பி. 1313 ஆகின்றது. ஆகவே பரம்பரையை நாம் காண்பது தலைவாயிலினின்று அன்று. நான்காம் குரவரது இடத்தினின்று பின்னோக்கி.

உமாபதியார் யார்? தில்லைவாழந்தணர் மரபிற் பிறந்தவர். சிவிகையிற் சென்ற தம்மை நோக்கி மறைஞானசம்பந்தர் கூறிய ஒரு சொல்லைக் கேட்டுக் கீழிறங்கி அவர் பின்னே ஓடியவர். நெசவாளர் பாவுக்கு வைத்திருந்த கஞ்சியை அவர் வாங்கிப் பருக, கைவழி ஒழுகியதைச் சேடமாக ஏற்றவர். அதனால் தம்மவராற் புறக்கணிக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தவர் என்பது மரபு. பெற்றான் சாம்பான் என்னும் புலையர்க்கு முத்தி அளித்த வரலாறும் அவர்மேலதே. பிறப்பினால் வந்த பரம்பரை கையினின்றும் நழுவிய ஒருவர், ஞானத்தால் வந்த பரம்பரையைப் பாடி வைக்கின்றார். அந்தப் பாட்டில் வேளாளராகிய மெய்கண்டார் நடுநாயகமாக நிற்கின்றார். ஆதிசைவராகிய அருணந்தியார் அவர்க்கு மாணாக்கராக நிற்கின்றார். இதனை மனத்திற் கொண்டு அப்பாயிரத்தைப் படித்தால் அது வெறும் பெயர்க் கோவையாகத் தோன்றாது. சாதியுரிமைக்கு எதிரே நாட்டப்பட்ட வேறோர் உரிமையின் முழக்கமாகவே தோன்றும். இவ்வளவு பெரிய செய்தி பள்ளிக்கூட நூல்களில் ஒரு வரியாகவேனும் இடம்பெறாமை வருந்தத்தக்கது.

அருணந்தியார் வரலாற்றிலும் இதே குரல் கேட்கின்றது. மெய்கண்டாரின் தந்தையார்க்குக் குலகுருவாய், சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற முதியவர் அவர். ஆணவமலத்தின் வடிவம் யாதென இளையவரை வினாவி நின்றார். மெய்கண்டார் விடை கூறாது அவரையே உற்று நோக்கினார். தாமே அவ்வடிவமென உணர்ந்த பண்டிதர் அடிவீழ்ந்தார். கற்றோர் அனைவரும் அடிக்கடி நினைந்துகொள்ள வேண்டிய கதை இது; ஆசிரியத் தொழில் செய்வோர் இன்னும் சற்று அதிகமாகவே நினையலாம்.

எட்டுப் பெயர்களுள் இல்லாதோர் யாவர் எனவும் பார்த்தல் வேண்டும். சாத்திரம் பதினான்கு, அவற்றை இயற்றினார் அறுவர். திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் மெய்கண்டார்க்கு முற்பட்டவை. அவற்றின் ஆசிரியராகிய உய்யவந்ததேவர் இருவரும் வேறொரு குருவழியைச் சார்ந்தவர். உண்மை விளக்கஞ் செய்த திருவதிகை மனவாசகங் கடந்தார் மெய்கண்டாரின் நேர் மாணாக்கர். மெய்கண்டார்க்கு மாணாக்கர் நாற்பத்தொன்பதின்மர் என்பது மரபு. இவரெல்லாம் சந்தான குரவர் வரிசையில் இலர். வரிசையில் உள்ள மறைஞானசம்பந்தரோ பதினான்கனுள் ஒன்றேனும் இயற்றினாரல்லர். எனவே இது நூலாசிரியர் பட்டியலன்று. சித்தாந்தம் கற்பித்தோர் அனைவரின் பட்டியலுமன்று. பல கிளையாய்ப் படர்ந்த கொடியில் ஒரு கிளையை மட்டும் பிடித்துச் சென்ற வழி அது. ஏனைய கிளைகள் பட்டுப்போயின என்று இதனாற் கொள்ளுதல் தவறு.

இவ்விடத்தே திருமூலர் மரபையும் பேசாது விடல் இயலாது. அண்மைக்காலச் சிறு பிரசுரங்கள் பல, திருமூலர் வழியையும் மெய்கண்டார் வழியையும் ஒன்றாகக் குழைத்து, கயிலாய பரம்பரை எனப் பொதுப்பெயர் இட்டு வழங்குகின்றன. இரண்டிற்கும் நந்தியே தலைவர் என்பது உண்மை. ஆயினும் அவை வேறு வேறு ஆறுகள்.

திருமந்திரப் பாயிரம் நந்தியருள் பெற்றோர் எண்மர் என்கின்றது. நந்திகள் நால்வர், சிவயோக மாமுனி, பதஞ்சலி, வியாக்கிரபாதர், திருமூலர் என அவர்களைக் காட்டும். பின்னர்த் திருமூலர்க்கு மாணாக்கர் எழுவர் என்று மாலாங்கன், இந்திரன், சோமன், பிரமன், உருத்திரன், காலாங்கி, கஞ்சமலையன் என்போரை எண்ணும். இவ்விரு பட்டியல்களில் எதனிலும் சத்தியஞான தரிசினிகளோ பரஞ்சோதியாரோ இலர். அங்ஙனமே மெய்கண்டார் வழியில் திருமூலர் இலர். இரு வழியார்க்கும் இது குறையன்று, குழைப்போர்க்கே இடர்.

மடங்கள் ஏழு எனக் கூறும் குருமட வரலாற்றுப் பாட்டு இன்னும் சிக்கலானது. அதில் காலாங்கர், அகோரர், மாளிகைத்தேவர், நாதாந்தர், பரமானந்தர், போகதேவர் ஆகியோருடன் மூலரும் எண்ணப்படுகின்றார். திருமூலர் தம்மையே படர்க்கையில் வைத்துப் பிறரோடு எண்ணிக் கொண்டாரோ? மாளிகைத்தேவர் என்பார் ஒன்பதாந் திருமுறையிலுள்ள திருமாளிகைத்தேவரே எனப் பலர் கொள்வர். அது பொருந்துமாயின் அப்பாட்டு சோழப் பேரரசர் காலத்துக்கு முன்னே எழுந்திருத்தல் இயலாது. திருமூலரோ சுந்தரமூர்த்தி நாயனாரால் திருத்தொண்டத் தொகையில் வணங்கப்பட்டவர். ஆகவே எட்டாம் நூற்றாண்டிற் பாடிய அவர்க்கு மூத்தவர். போகர்க்குக் குரு காலாங்கி என்று சித்தர் நூல்கள் கூறும் செய்தியும் இங்கே வந்து மோதுகின்றது. இப்பாட்டுப் பின்னையோர் சேர்த்தது என்று சொல்லத் தடையில்லை. பதிப்புகளில் திருமந்திரம் மூவாயிரத்தின் மேலும் மிகுந்து நிற்றல் இடைச்செருகல் உண்டு என்பதற்குத் தானே சான்று. இடைச்செருகல் என்றவுடன் எறிந்துவிடுதலும் அறிவுடைமையன்று. திருமூலரைத் தம் முதல்வராகக் கொண்ட மடங்கள் ஒரு காலத்திற் பல இருந்தன, அவை தம்முள் உறவு கொண்டாடின என்பதற்கு அப்பாட்டே நமக்குக் கிடைக்கும் ஆவணம்.

இவ்விரு ஆறுகளும் ஒன்றென மயங்குதற்கு ஏது யாது? இடம் என்பதே எமது விடை. சாத்தனூரில் இறந்த இடையன் மூலன் உடலிற் புகுந்த யோகியார், திருவாவடுதுறை அரசமர நீழலில் இருந்து திருமந்திரம் பாடினார் எனச் சேக்கிழார் கூறுவர். திருமாளிகைத்தேவரும் அத்தலத்திலேயே உறைந்தார் என்பர். 16 ஆம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகள் ஆதீனம் நிறுவியதும் அதே திருவாவடுதுறையில். அவர் உமாபதியார் வழி வந்தவர். இவ்வாறு மூலர் இருந்த மண்ணில் மெய்கண்டார் மரபு மடம் அமைத்தது. ஓரிடத்தில் வழிபடப்படுவோர் நாளடைவில் ஒரு குடும்பத்தவர் ஆதல் உலக இயற்கை.

யாழ்ப்பாணத்தோர்க்கு இவ்வாராய்ச்சி தொலைவிலுள்ள பொருளன்று. ஆறுமுக நாவலர்க்கு 1849 ஆம் ஆண்டில் நாவலர் என்னும் பட்டம் சூட்டியது திருவாவடுதுறை ஆதீனமே. பிற்காலத்தில் கடையிற் சுவாமிகள், செல்லப்பா சுவாமிகள், கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் (1872–1964) என வந்த குருவழி நம் கண்ணெதிரே நிகழ்ந்தது. 1949 இல் யோகர் சுவாமிகளை அடைந்த சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் (1927–2001), ஹவாயிலுள்ள கவாய்த் தீவில் 1970 இல் மடம் நிறுவி, இவ்வழியை நந்திநாத சம்பிரதாயத்துக் கயிலாச பரம்பரை எனப் பெயரிட்டுத் திருமூலரோடு இணைத்தனர். கடையிற் சுவாமிகளுக்குக் குரு இமயத்து முனிவர் ஒருவர் எனவும் கூறினர். திருமூலர்க்கும் அம்முனிவர்க்கும் இடையேயுள்ள பல நூற்றாண்டுகட்குக் குருமார் பெயர்கள் அங்குத் தரப்படவில்லை. சுருங்கக் கூறின், உமாபதியார் 14 ஆம் நூற்றாண்டில் செய்ததனையே அவர்கள் 20 ஆம் நூற்றாண்டில் செய்தனர்: தாம் நிற்கும் இடத்தினின்று பின்னோக்கி ஒரு வழி வகுத்தனர். யோகர் சுவாமிகளின் பெருமைக்கு அவ்வழி ஆதாரமன்று. நல்லூர்த் தேரடியில் பித்தரெனப் பிறர் எண்ண இருந்த செல்லப்பரிடம் அவர் பெற்றது என்ன என்பதே ஆதாரம். அந்த ஒரு கண்ணி ஐயத்துக்கு இடமற்றது.

பரம்பரை பொருளுரைக்கும் உரைகல்லாகப் பயன்பட்டமைக்கும் நம்மவர் ஒருவரே சான்று. திருநெல்வேலி ஞானப்பிரகாசர், சிதம்பரத்தில் தம் பெயரால் வழங்கும் குளத்தை அகழ்வித்தவர், சிவஞானசித்தியார்க்கு உரை செய்தார். முத்தியிற் சிவமும் உயிரும் சமம் என்னும் பொருள்பட அவ்வுரை அமைந்தது எனக் கண்டு, திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் (மறைவு 1785) சிவசமவாதவுரை மறுப்பு எழுதினார். முனிவரின் மாபாடியமோ 20 ஆம் நூற்றாண்டு வரை அச்சேறாது மடத்தினுள்ளேயே போற்றப்பட்டது. மறுப்பைப் படித்தோர் பலர். மறுக்கப்பட்ட உரையை எடுத்துப் படித்தோர் மிகச் சிலர். முனிவர் வாக்கு வன்மையிற் சிறந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் பரம்பரையினுள்ளே நின்று ஒருவர் கூறியது என்பதனாலேயே அது முடிந்த முடிபாகிவிடாது. ஞானப்பிரகாசர் ஆகமங்களை நேரே கற்று, வடமொழியிலும் சிவஞானபோதத்துக்கு விருத்தி கண்டவர். இரண்டனையும் பக்கத்தே வைத்து, சித்தியார்ச் செய்யுள் ஒவ்வொன்றாக ஒப்பு நோக்கும் பணி இந்நாட்டு மாணாக்கர்க்கே உரியது. உயர்வகுப்பிற் சைவநெறி பயில்வோர் பன்னிரண்டாஞ் சூத்திரத்தோடு அதனைத் தொடங்கலாம். இரு உரையும் மிக முரணும் இடத்தைத் தேடிச் சென்று முதலிற் பிடித்தல் வேண்டுவதில்லை.