அகராதியில் பிறக்காத பெயர்கள்

குழந்தைக்குப் பெயர் தேடும் வீடுகளில் இன்று முதலில் எழும் கேள்வி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பது. அடுத்தது, "வேற யாருக்காச்சும் இந்தப் பேரு இருக்கா?" முதல் கேள்விக்கு அழகான பதிலும் இரண்டாவதற்கு 'இல்லை' என்ற பதிலும் கிடைத்துவிட்டால் பெயர் முடிவாகிவிடுகிறது. தன்விக், ரித்விக், யாஷிகா என்று பால்வாடிப் பதிவேடுகள் நிரம்புவது இப்படித்தான். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கருத்தும் இருக்கிறது. பாட்டன் பூட்டன் காலத்தில் பெயரைப் பற்றி யாரும் யோசித்ததில்லையாம். பேச்சி, மூக்கன், குப்பாயி என்று வாய்க்கு வந்ததை வைத்துவிட்டார்களாம். பொருளறிந்து பெயர் வைக்கும் முதல் தலைமுறை இதுதானாம். படித்தவர்களே இதைக் கூசாமல் சொல்கிறார்கள். தமிழர் பெயரிட்ட வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தாலும் இது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

தொடக்க காலத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் இயற்பெயருக்குச் சாத்தனையும் கொற்றனையும் சலிக்காமல் எடுத்துக்காட்டினார்கள். அவை ஏட்டில் மட்டும் இருந்த பெயர்கள் அல்ல. எகிப்தின் செங்கடல் துறையான குசெய்ர் அல் கதீமில் கிடைத்த பானையோடுகளில் சாதன், கணன் என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. பெரெனிகே துறையில் கொற்றபூமான் கிடைத்தான். கீழடியில் ஆதன், குவிரன். அழகர்மலைக் குகையில் துறவிகளுக்குக் கொடை தந்தவர்களிடையே உப்பு வணிகன் வியகன் இருக்கிறான், பாணித வணிகன் நெடுமலன் இருக்கிறான், பொன்கொல்லன் ஆதன் இருக்கிறான். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற தமிழ்ப்பெயரும் நந்தி என்ற வடபுலப் பெயரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. குவிரனும் குபேரனிலிருந்து வந்தவன் என்றே கல்வெட்டறிஞர்கள் கொள்கிறார்கள். ஆதியில் எல்லாம் தனித்தமிழ்ப் பெயர்களே என்ற நம்பிக்கைக்குக் கல்லில் இடமில்லை. சங்கப் புலவர்களிலும் செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், ஓரேருழவர் போன்றோருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய தொடரே பெயராகத் தங்கிவிட்டது.

சோழர் காலத்தில்தான் சாதாரண மனிதர்களின் பெயர்கள் கொத்துக்கொத்தாகக் கிடைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் நிர்வாகி ஒருவர் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்று கல்லில் நிற்கிறார். நாடு, தந்தை, தன் பெயர், அரசன் தந்த பட்டம் ஆகிய நான்கையும் சுமக்கும் பெயர் அது. அதே கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் தெரு வாரியாக, வீட்டு வரிசைப்படி வெட்டப்பட்டிருக்கின்றன. தெற்குத் தளிச்சேரியின் முதல் வீடுகளில் சேரமங்கை, இரணமுகராமி, உதாரி, பட்டாலி, எடுத்தபாதம். ஆடவல்லானின் தூக்கிய திருவடியையே ஓர் ஆடல்மகள் பெயராகக் கொண்டிருந்தாள். அக்காலத்து அரசர்களைப் பற்றி எழுதிக் குவித்த அளவுக்கு இந்தப் பெண்களின் பெயர்களைப் பற்றி நாம் எழுதவில்லை. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். வரலாற்று மாணவர்கள் மட்டுமே புரட்டும் நூலாக அது இருப்பது வருத்தத்துக்குரியது. இலக்கியம் படிக்கிறவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

ஆனால் தமிழர் பெயரிடலின் உண்மையான செழுமை அரசர்களும் பட்டங்களும் மறைந்த பிறகு, கடந்த சில நூற்றாண்டுகளில், ஊர்ப்புறத்தில்தான் இருக்கிறது. பெயர்ப் புத்தகங்கள் கண்ணெடுத்தும் பாராத காலம் அது.

அன்று ஒரு பெயரைக் கேட்டால் ஆள் எந்த மண் என்று சொல்லிவிடலாம். நெல்லையப்பனும் காந்திமதியும் தாமிரபரணிக் கரைக்காரர்கள். கோமதியும் சங்கரநாராயணனும் சங்கரன்கோவில். குற்றாலலிங்கத்துக்கும் குழல்வாய்மொழிக்கும் வேறு ஊரே கிடையாது. தாயுமானவன் என்றால் திருச்சி மலைக்கோட்டை, ஏகாம்பரம் என்றால் காஞ்சி, நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம், உண்ணாமுலை என்றால் திருவண்ணாமலை. பெருங்கோயில்களை விட்டு இறங்கினால் இன்னும் வளம். தெற்கே சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, உச்சிமாகாளி, முப்பிடாதி. மதுரைச் சீமையில் முனியாண்டி, மாயாண்டி, ஒச்சப்பன், ராக்காயி. கொங்கில் நாச்சிமுத்து, மாரப்பன், வெள்ளியங்கிரி, பாவாயி. வடக்கே பச்சையப்பன், அங்காளம்மாள், ஏழுமலை, கன்னியப்பன். ஒவ்வொன்றும் ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமிக்கு ஓர் எல்லை உண்டு, ஒரு கொடைவிழா உண்டு, அடித்துக் கொல்லப்பட்ட வீரனோ தீயில் இறங்கிய பெண்ணோ பின்னால் ஒரு கதையாக உண்டு. சுடலைமுத்து என்று பெயரிட்டவர்கள் அகராதியில் பொருள் பார்த்து வைக்கவில்லை என்பது சரிதான். வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்ட கதையை வைத்தார்கள். 'ஒளி', 'வெற்றி', 'தனித்துவமானவன்' என்று ஒற்றைச் சொல்லில் முடியும் இன்றைய விளக்கங்களைவிட அது எத்தனையோ மடங்கு கனமான பொருள்.

இந்தப் பெயர்கள் வீட்டுக்குள் இயங்கிய விதமும் கவனிக்கத் தக்கது. மூத்த பேரனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர், பேத்திக்கு அப்பத்தாவின் பெயர் என்பது பரவலான முறை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே தான் பெற்ற பிள்ளையையே அவள் பெயர் சொல்லி அழைக்க முடியாது. 'அய்யா' என்றோ 'தம்பி' என்றோ 'ராசா' என்றோ கூப்பிட்டாள். பள்ளிக்கூடப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக ஒருவருக்கே இரண்டு பெயர்கள் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தாத்தா செத்த பிறகும் அவர் பெயர் வீட்டு முற்றத்தில் ஓடித் திரிந்தது. வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்ற இன்றைய ஆசைக்கு நேர் எதிரான ஆசை அது.

சமயம் மாறியவர்களும் இந்த முறையைக் கைவிடவில்லை. சவேரியார் சவரிமுத்து ஆனார். இக்னேஷியஸ் இன்னாசியாகவும் ஜோசப் சூசையாகவும் தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைந்தார்கள். வேளாங்கண்ணியின் ஆரோக்கிய மாதாவிடமிருந்து ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும், ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதாவிடமிருந்து அடைக்கலமேரியும் வந்தார்கள். நாகூர் ஆண்டவரின் சாகுல் ஹமீது என்ற பெயர் கடலோரத்து இஸ்லாமியர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டது. மாரிமுத்து, சவரிமுத்து, பாத்திமுத்து ஆகிய மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மூன்று சமயங்களும் ஒரே முத்தைக் கோத்திருக்கின்றன. இந்த நூலை அறுத்தது எந்த மதவெறியுமல்ல, நம் நாகரிக மோகம்.

இனி, அதிகம் கேலிக்கு ஆளான பெயர்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தால் குப்பன், குப்பாயி. மூக்குக் குத்திவிட்டால் மூக்கன், மூக்கம்மாள். மடிப்பிச்சை ஏந்தி வேண்டிப் பெற்றால் பிச்சை. இதை அறியாமை என்பவர்கள் உலகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிறந்து பிறந்து இறக்கும் குழந்தைக்கு நைஜீரியாவின் யொரூபா மக்கள் 'மலொமோ' என்று பெயரிட்டார்கள்; 'இனிப் போய்விடாதே' என்ற மன்றாட்டு அது. 'கொசொகொ' என்றும் பெயரிட்டார்கள். குழி வெட்ட மண்வெட்டி இல்லை என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லாகோஸை ஆண்ட ஓர் அரசரின் பெயர் கொசொகொ. மங்கோலியாவில் 'நெர்குய்' என்றால் பெயரில்லாதவன், 'எனெபிஷ்' என்றால் இது அல்ல. கெட்ட ஆவி தேடி வந்தால் ஏமாந்து திரும்பட்டும் என்று வைத்த பெயர்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிலங்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். குப்பன் என்ற பெயரில் அத்தனை அச்சமும் அத்தனை ஆசையும் இருக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு வரும். வர வேண்டியதுதான். இழிந்த பெயர்கள் எல்லாமே அன்பில் பிறந்தவை அல்ல. பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமை தோன்றும் பெயர், வைசியனுக்குச் செல்வம் தோன்றும் பெயர், சூத்திரனுக்கு அருவருப்பான பெயர் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. நல்ல பெயர் வைக்கும் உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டிருந்த நாடு இது. அந்த அவமானத்தை உதறி அம்பேத்கர் என்றும் கௌதமன் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிட்டவர்களிடம் போய்ப் பழம்பெருமை பேசும் தகுதி எவருக்கும் இல்லை. பெண் பிள்ளைகள் கதையும் அப்படியே. மதுரைப் பக்கத்துப் போதும்பொண்ணும், திருத்தணிப் பக்கத்து 'வேண்டா'மும் வந்து பிறந்த குழந்தையின் முகத்தில் அறைந்த பெயர்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' எனப் பொருள்படும் நகுஷா என்ற பெயரைச் சுமந்த 285 சிறுமிகளுக்கு 2011இல் அரசே விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. மிகச் சரியான செயல். உயிர் தங்க வேண்டும் என்று தாய் வைத்த குப்பனும், தலை நிமிரக் கூடாது என்று பண்ணையார் கூப்பிட்ட குப்பனும் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. யார், யாருக்கு, எதற்காக வைத்தது என்று கேட்காமல் பெயரைச் சொல்லாக மட்டும் எடை போடுவதால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

20ஆம் நூற்றாண்டு இந்த அவமானத்தோடு நேரடியாக மோதியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதி தெரிந்துவிடும்போது, தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தோடு பெயர் நின்றுவிடுவதற்கு அந்த இயக்கத்துக்கு நாம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறோம். வேதாசலம் மறைமலை அடிகளானார். நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயரிட்டார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வேறொரு வாசல் வழியாக அருள்மொழியையும் வானதியையும் பூங்குழலியையும் வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

அரும்பணிதான். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. தனித்தமிழ் இயக்கம் பெயர்களைத் தேடி நூலகத்துக்குப் போனது, ஊருக்குப் போகவில்லை. பேச்சி வடமொழி அல்ல. மாடத்தியும் பாவாயியும் ராக்காயியும் எந்தக் கலப்புமில்லாமல் தமிழ் மண்ணில் முளைத்தவர்கள். எனினும் தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களில் கயல்விழிக்கும் இளவேனிலுக்கும் கிடைத்த இடம் பேச்சிக்குக் கிடைக்கவில்லை. கடவுள் மறுப்பு ஒரு காரணம், செவ்விலக்கியச் சுவை இன்னொரு காரணம். கிராமத்துப் பெயர் என்றால் மட்டம் என்ற எண்ணத்தை அந்த இயக்கம் உண்டாக்கவில்லை, ஆனால் அதை எதிர்த்து நிற்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இன்றைய மோகம் எளிதாக நுழைந்தது.

எண்கணித சோதிடம் அந்த மோகத்தைவிடப் பெரிய கேடு. செய்ரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரரின் முறையைப் பின்பற்றி இங்கே பெயர்களைக் கூட்டிக் கழிக்கிறார்கள். கூட்டப்படுவது தமிழ்ப் பெயரின் எழுத்துகள் அல்ல, அதன் ஆங்கில எழுத்துக்கோவை. ஒரு 'ஏ'யும் ஒரு 'ஹெச்'சும் கூடுதலாகச் செருகப்பட்டால் பிள்ளையின் வாழ்வு மாறும் என்று நம்புகிறவர்கள், தங்கள் மொழியின் ஒலிக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். பிறந்த நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்து என்ற கட்டாயமும் சேர்ந்துகொள்கிறது. அசுவினி என்றால் சூ, சே, சோ, லா. இந்த நாலு எழுத்துக்குள் தாத்தாவும் வரமாட்டார், ஊர்ச் சாமியும் வராது.

பெயரிடும் உரிமை பெற்றோருடையது. 1803ஆம் ஆண்டுச் சட்டத்தால் புனிதர் நாட்காட்டிக்குள்ளும் பழைய வரலாற்றுக்குள்ளும் பெயர்களை அடைத்து வைத்த பிரான்சும் 1993இல் அந்தக் கட்டைத் தளர்த்திவிட்டது. யாரையும் சட்டம் போட்டுப் பேச்சியாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. ஆனால் பெயர் தேடும் பெற்றோர் கைப்பேசியைத் திறக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு தலைமுறைப் பெயர்களைக் கேட்கலாம். அந்தப் பெயர் அப்படியே வேண்டாம் என்றால் குலசாமியின் பெயரில் ஒரு பகுதியை, ஊர்க்கோயில் அம்மனின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். காந்திமதியும் கோமதியும் எந்த நகரத்துப் பள்ளியிலும் கூச்சப்பட வேண்டிய பெயர்கள் அல்ல.

அதைவிட அவசரமான வேலை ஒன்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு இருக்கிறது. பழைய வாக்காளர் பட்டியல்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள், ஆலய ஞானஸ்நானப் பதிவுகள் ஆகியவற்றில் 19, 20ஆம் நூற்றாண்டுத் தமிழர்களின் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. பெயருக்குரிய கதையைச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துவருகிறார்கள். சோழர் காலத்துக்கு மூன்று தொகுதிகள் உருவானதுபோல இந்தப் பெயர்களையும் மாவட்ட வாரியாக, வைத்ததற்கான காரணத்தோடு தொகுக்க வேண்டும். அதை இந்தப் பத்தாண்டுக்குள் தொடங்கிவிட வேண்டும்.