மேல்விலாசம்

பழைய கடிதங்களைத் தேடி அலைகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கடிதத்தின் உள்ளே இருப்பதைப் படிப்பவர்கள் ஒரு ரகம். எழுத்தாளர்கள், ஜீவிய சரித்திரம் எழுதுகிறவர்கள், சரித்திரப் பேராசிரியர்கள் எல்லோரும் இதில் சேருவார்கள். வெளியே இருப்பதைப் படிப்பவர்கள் இன்னொரு ரகம். இவர்கள் செய்கிற காரியத்துக்குத் தபால் சரித்திரம் என்று பெயர். தபால் தலை சேர்ப்பவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தலை சேர்ப்பவருக்குத் தலை கிடைத்தால் போதும். தபால் சரித்திரக்காரருக்கு முழுத் தாளும் வேண்டும். கடிதம் எந்த ஊரில் புறப்பட்டது, எந்தக் கப்பலில் போயிற்று, வழியில் என்னென்ன முத்திரை விழுந்தது, கட்டணம் எவ்வளவு, அதைக் கொடுத்தது யார் என்பதையெல்லாம் அந்தத் தாளின் முதுகிலிருந்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த இரு சாராருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்புக் கிடையாது. முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவனுக்கு மனுஷ இருதயம் தெரியுமா என்று எழுத்தாளன் கேட்கிறான். தேதியும் கட்டணமும் தெரியாதவன் என்ன சரித்திரம் எழுதப் போகிறான் என்று சேகரிப்பவர் கேட்கிறார். மாலுமிகளின் கடிதங்களைப் பற்றி இரண்டு பக்கத்து எழுத்துக்களையும் படித்துப் பார்த்ததில், இருவருமே பாதிக் கடிதத்தைத்தான் படிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் குறைந்த பாதியைப் படிப்பவர்கள் எழுத்தாளர்களாகிய நாம்தான் என்பது என் கட்சி.

கடிதத்தின் புறத்தைப் படிப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தால் கல்யாணம். ஓரத்தில் கறுப்புப் பூசி வந்தால் சாவு. கறுப்பு ஓரக் கார்டை வாசலில் நின்றபடியே படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எழுத்து வாசனையே இல்லாத கிழவிகூட, தபால்காரர் அந்தக் கார்டை நீட்டும்போதே அதைப் படித்துவிடுவாள். யாருக்கு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே தவிர, என்ன என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் 1840-க்கு முன்பு சாதாரண ஜனங்கள் கடிதத்துக்கு உறை போடுவது அபூர்வம். எத்தனை தாள், எத்தனை மைல் என்று பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறை என்பது இன்னொரு தாள். அதற்கு இரட்டைக் கட்டணம். ஆகையால் ஒரே தாளில் எழுதி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, முதுகில் மேல்விலாசம் எழுதினார்கள். ஏறக்குறைய நம் இன்லண்ட் லெட்டர் மாதிரி. உள்ளும் புறமும் ஒரே தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் தள்ளத்தான் தள்ளுகிறோம்.

பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கும் ராணுவச் சிப்பாய்களுக்கும் 1795-ல் ஒரு சட்டம் சலுகை கொடுத்தது. அவர்கள் ஒரு பென்னியில் கடிதம் போடலாம். சலுகையின் மதிப்புத் தெரிய வேண்டுமானால் மற்றவர்கள் கொடுத்ததைப் பார்க்க வேண்டும். 1812-ம் வருஷத்து அட்டவணைப்படி 15 மைலுக்குள் போகிற கடிதத்துக்கே 4 பென்னி. 300 மைல் போனால் 12 பென்னி, அதாவது ஒரு ஷில்லிங். சட்டம் வந்த சமயத்தில் தேர்ந்த மாலுமி ஒருவனின் சம்பளம் 28 நாளைக்கு 24 ஷில்லிங். 1650-களில் நிர்ணயித்த அந்தச் சம்பளம், 1797-ல் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் கலகம் செய்த பிறகுதான் உயர்ந்தது. தவிர, அந்தக் காலத்தில் கடிதத்தைப் பெற்றுக்கொள்பவர் காசு கொடுப்பதே பெருவழக்கு. மாலுமியின் பென்னியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும் என்பது விதி. மகனிடமிருந்து கடிதம் வந்த சந்தோஷத்தோடு, அதை வாங்கக் காசுக்கு எங்கே போவது என்ற கவலை தாய்க்கு இல்லாமல் போயிற்று.

சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு தாளுக்கு மேல் கூடாது. சொந்த விஷயம் மட்டுமே எழுதலாம். அதிகாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. முக்கியமான நிபந்தனை இது: கடிதத்தின் மேல் மாலுமியின் பெயரும் கப்பலின் பெயரும் இருக்க வேண்டும்; கப்பலை நடத்தும் அதிகாரி தம் கைப்படக் கையெழுத்திட வேண்டும்.

சேகரிப்பவருக்கு இந்தக் கையெழுத்து ஒரு புதையல். கடிதத்தில் வருஷம் இல்லாவிட்டாலும், இன்ன காப்டன் இன்ன கப்பலில் எப்போது இருந்தார் என்று கடற்படைப் பதிவேடுகளில் பார்த்து வருஷத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் கப்பலின் ஆள்பட்டியலில் மாலுமியின் பெயரைத் தேடி, அவன் எந்த ஊர்க்காரன், எப்போது சேர்ந்தான் என்பதையும் கண்டுபிடிப்பார். இது லேசான உழைப்பு அல்ல. நம் இலக்கிய ஆராய்ச்சிகளில் பலவற்றில் இதில் கால் பங்கு சிரத்தையைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கையெழுத்தை நாவலாசிரியன் பார்க்கும்போது அதில் வேறு ஒன்றும் தெரிகிறது. ஒரு மனிதன் தன் மனைவிக்கு எழுதுகிறான். எழுதி முடித்ததும் அந்தத் தாளை, தன்னைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்க உத்தரவிடக்கூடிய ஒருவரின் மேஜைக்கு அனுப்பியாக வேண்டும். காப்டன் உள்ளே படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. படித்திருக்கவும் மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் எழுதுகிறவனுடைய கை அதை மறந்திருக்குமா? குறையே சொல்லாத ஒரு கடிதத்தை எடுத்து, இவன் கப்பலில் திருப்தியாக இருந்தான் என்று எழுதுகிற ஆசிரியர் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கப்பலிலேயே ஓர் அதிகாரி மாலுமிகளின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை முத்திரை வைத்தார். கப்பல் எங்கே இருக்கிறது என்று எழுதக் கூடாது. வீட்டார் பதில் போடும் விலாசம் லண்டன் பெரிய தபாலாபீஸ்தான். உள்ளே ஏன் ஊரும் பேரும் இல்லை என்பதற்கு விடை வெளியே இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் காலதாமதம். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று நாம் எழுதிவந்தோமே, அது எழுதுகிற நாளுக்கு மட்டும் உண்மை. பக்கத்து ஜில்லாவுக்குப் போகிற கடிதத்தில் இந்தப் பேதம் பெரிதாகத் தெரியாது. கடலில் இருக்கிறவனுக்குப் போகிற கடிதத்தில் அதுதான் எல்லாம். எழுதிய நாளுக்கும் படித்த நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது உள்ளே இருக்க முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் தபால் சரித்திரக்காரர் ஒருவர்தான்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் ஏழு வருஷ யுத்தம் நடந்துகொண்டிருந்த 1758-ம் வருஷம். பிரெஞ்சுக் கடற்படையின் 'கலாதே' என்ற கப்பல் போர்தோவிலிருந்து க்யூபெக்குக்குப் போகையில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. அதில் இருந்த 181 பேரும் கைதிகளானார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து எழுதிய நூற்றுச் சொச்சம் கடிதங்களைப் பிரெஞ்சுத் தபால் இலாகா துறைமுகம் துறைமுகமாக அனுப்பிப் பார்த்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் கடிதம் போய்ச் சேர்வதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டிருக்கும். கப்பல் பிடிபட்ட செய்தி தெரிந்ததும் கடிதங்களை இங்கிலாந்துக்கே அனுப்பிவைத்தார்கள். அவை கடற்படை இலாகாவுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டன. இப்போது லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் சரித்திரப் பேராசிரியர் ரெனோ மொரியே அரக்கு உடையாத அந்தக் கட்டைத் திறக்கச் சொல்லிப் படித்து, 2023-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். எழுதிய 265 வருஷங்களுக்குப் பிறகு அவற்றை ஒருவர் படித்திருக்கிறார். ஆனால் விலாசதார் அல்ல.

கடிதங்களில் பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. கப்பலின் முதல் லெப்டினன்ட் லூயி ஷாம்ப்ரலேனுக்கு மனைவி மரி துபோஸ்க் எழுதியது அவற்றில் ஒன்று. இரவெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது என்கிறாள். பாதி ராத்திரி ஆகிவிட்டது, படுக்க வேண்டும் என்று முடிக்கிறாள். அந்தரங்கமான, இனிமையான கடிதம், அவ்வளவுதான். அவன் பிடிபட்டது அவளுக்குத் தெரியாது. கடிதம் அவன் கைக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் அவள் இறந்துபோனாள்; அவன் விடுதலையாகி வருவதற்கு முன்பே இறந்திருக்க வேண்டும். 1761-ல் பிரான்ஸில் அவன் மறுமணம் செய்துகொண்டான். இந்தத் துக்கத்தில் ஓர் அணுவாவது கடிதத்தின் உள்ளே இருக்கிறதா? இல்லை. எல்லாம் அது போய்ச் சேராமல் அலைந்த வழியில் இருக்கிறது. நாவலாசிரியன் ஒருவன் இதைக் கற்பனை செய்திருந்தால் விமரிசகர்கள் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

நிகோலா கெனேல் என்ற இளம் மாலுமியின் கதை வேறு மாதிரி. 61 வயசான தாய், ஆள் வைத்து எழுதுவிக்கிறாள். நீ என்னை நினைப்பதைவிட நான்தான் உன்னை அதிகமாக நினைக்கிறேன், எனக்கு ஏன் எழுதவில்லை என்று குறைப்படுகிறாள். அவன் மணக்க இருந்த பெண்ணுக்குக் கடிதம் போட்டிருக்கிறான், தாய்க்குப் போடவில்லை! அந்தப் பெண்ணும் எழுதுகிறாள்: அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு, அப்போதுதான் இங்கே மேகம் கலையும் என்று. பிறகு ஒருவழியாக அவனிடமிருந்து தாய்க்குக் கடிதம் வந்ததும் மேகம் கலைந்தது என்றும் எழுதுகிறாள். மாமியார் மருமகள் விவகாரம் நார்மண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவானது என்று சிரித்துக்கொண்டே படிக்கலாம். அந்தப் பிள்ளை சிறையிலிருந்து உயிரோடு மீண்டு, 1760-களில் அடிமை வியாபாரக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான் என்று பதிவேடுகள் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. தாயும் காதலியும் போட்டிபோட்டு அன்பு செலுத்திய அதே பிள்ளைதான். கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நமக்கு நல்ல பிள்ளை ஒருவன் கிடைத்திருப்பான். மனிதன் கிடைத்திருக்க மாட்டான்.

இந்தக் கடிதக் கட்டில் இரண்டை மட்டும் கடற்படை இலாகாவில் யாரோ அப்போதே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மொரியே ஊகிக்கிறார். ராணுவ ரகசியம் ஏதாவது இருக்குமா என்று பார்த்திருப்பார்கள். குடும்ப விஷயம்தானே என்று மற்றவற்றைக் கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் தெரியாத குமாஸ்தாவை மறக்க முடியவில்லை. இந்தக் கடிதங்களுக்கு வாய்த்த முதல் விமரிசகர் அவர். குடும்ப விஷயம்தானே என்று தள்ளுகிற விமரிசகர்கள் நம் பத்திரிகைகளிலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் கிழித்துப் போடவில்லை, கட்டி வைத்தார்.

சேகரிப்பவர்களை முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. அவர்களுடைய சந்தையில் சுத்தமான தாளுக்கு விலை அதிகம். கறையும் கிழிசலும் இருந்தால் விலை குறையும். மாலுமியின் கடிதத்தில் கறை இல்லாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தலைக்காகத் தாளின் மூலையைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போட்ட தலைமுறைகளும் உண்டு. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்கக் கடற்படையில் 1908 முதல் கப்பலிலேயே தபாலாபீஸ் வைத்தார்கள். 1930-களில் அந்தக் கப்பல் முத்திரைகளைச் சேர்க்கும் மோகம் பரவிற்று. 1932-ல் அதற்கென்றே ஒரு சங்கமும் ஏற்பட்டது. ஜனங்கள் தங்கள் விலாசத்தையே எழுதிய உறைகளைக் கப்பல்களுக்கு அனுப்பி, முத்திரை குத்தி வரவழைத்துக்கொண்டார்கள். உள்ளே விறைப்புக்காக ஓர் அட்டைத் துண்டு இருக்கும். கடிதம் இல்லை. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. புறத்தை மட்டும் காதலித்தால் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதான்.

நம் பக்கத்துத் தவறு இதற்குக் குறைந்ததல்ல. மு.வ. அன்னைக்கும் தம்பிக்கும் எழுதிய கடிதங்கள் அச்சுக்காகவே எழுதப்பட்டவை. அவற்றுக்கு முத்திரை தேவையில்லை. அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. நான் சொல்வது உண்மையாகவே தபாலில் போன கடிதங்களைப் பற்றி. பதிப்பிக்கிறவர் தேதியை விட்டுவிடுகிறார், ஊரை விட்டுவிடுகிறார். ஒரு கடிதத்துக்கும் அதன் பதிலுக்கும் இடையே எத்தனை நாள் ஆயிற்று, விலாசம் மாறிச் சுற்றியதா என்பதெல்லாம் அற்ப விஷயங்களாகிவிடுகின்றன. நடையழகுள்ள நாலு பாராவைப் பொறுக்கிப் போட்டுவிட்டு இதுதான் அந்த மனிதர் என்கிறோம். மரி துபோஸ்க்கின் கடிதத்தை நாம் பதிப்பித்திருந்தால், அழகான ஒரு காதல் கடிதம் என்று தலைப்புக் கொடுத்திருப்போம்.

நம் வீடுகளில் சுவரோரம் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கடிதங்களையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். பிள்ளைகள் வீட்டை மாற்றும்போது அந்தக் கம்பியோடு எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அல்லது தலைகளை மட்டும் நனைத்து உரித்துக்கொள்கிறார்கள். துறைமுக ஊர்களில், கப்பல் வேலைக்குப் போனவர்கள் இருந்த வீடுகளில் இன்னும் சில கம்பிகள் மிச்சம் இருக்கலாம். அகப்பட்டால் எறிய வேண்டாம். நல்ல வாக்கியங்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு தாளைப் போட்டுவிடவும் வேண்டாம். முத்திரையில் உள்ள தேதியையும் உள்ளே எழுதிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு கடிதத்தைப் படியுங்கள்.