ஆசாரக்கோவையில் இல்லாத கை

கொரோனாக் காலத்தில் ஒரு பேச்சு ஊரெல்லாம் நடந்தது. கை கழுவ வேண்டும் என்று உலகம் இப்போதுதான் கற்றுக்கொள்கிறது, நம் முன்னோர் வாசலில் செம்பும் தண்ணீரும் வைத்து அன்றே சொல்லிவிட்டார்கள். மடியும் தீட்டும் எச்சில் பார்ப்பதும் அறிவியல்தான் என்று. அது 2020-உடன் ஓய்ந்திருந்தால் விட்டிருப்பேன். மாதவிலக்கானவள் அடுப்படிக்குள் வரக்கூடாது என்பதற்கும் இப்போது ‘கிருமி’யையே காரணம் காட்டுகிறார்கள். முன்னோர் என்னதான் சொன்னார்கள் என்று ஒரு நூலைத் திறந்து பார்த்துவிடலாம்.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் இயற்றியது. அதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பவும் மலசலம் கழிக்கவும் கூடாத பத்து இடங்களை நூல் அடுக்குகிறது. பயிர், வழி, நீர்த்துறை, நிழல், மாட்டுத் தொழுவம் எல்லாம் அதில் உண்டு. காலராவும் டைபாய்டும் மலத்திலிருந்து நீருக்கும் நீரிலிருந்து வாய்க்கும் போகிற நோய்கள். கிருமியை அறியாத காலத்தில் இப்படி விலக்கியது சின்னக் காரியமல்ல.

ஆனால் இந்தப் பட்டியலைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கடைமடை வரை தண்ணீர் வந்து, நடவும் முடிந்துவிட்டால் இங்கே கண்ணுக்கு எட்டியவரை பயிர், வாய்க்கால், வழி, கொஞ்சம் மரநிழல். இவை போக ஒரு பெண் ஒதுங்க எங்கே இடம் மிச்சம்? நடவுக்கும் களைக்கும் போன பெண்கள் கண்ட வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இருட்டும்வரை அடக்கிக்கொள்வதும். சிறுநீர்த் தொற்றுக்கு இரண்டுமே வாசல். அறிவுள்ளவர்கள் இந்த இடங்களில் கழிக்கமாட்டார்கள் என்கிறது நூல். அறிவு போதாமல்தானா அவர்கள் வரப்போரம் போனார்கள்?

அடுத்து, நீராட வேண்டிய பத்துச் சமயங்கள். சாமி கும்பிடுமுன், கெட்ட கனவு கண்டால், வாந்தி எடுத்தால், முடி களைந்தால், சாப்பிடுமுன். கூடவே, ‘கீழ்மக்கள்’ உடம்பு பட்டாலும். நோயாளியைத் தொடுமுன் என்று அதில் இல்லை. பிள்ளைபெற்றவளைத் தொடுமுன் என்றும் இல்லை. பிறரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் குளியல் இது. தன் கையிலிருந்து பிறரைக் காக்கும் கழுவலை இந்தப் பட்டியல் நினைக்கவே இல்லை.

தொற்று பற்றிய இன்றைய அறிவு அந்தக் கையிலிருந்துதான் தொடங்கியது. வியன்னாவின் பொது மருத்துவமனையில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிடப் பல மடங்கு தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மாணவர்கள் பிணம் அறுத்த கையோடு நேரே பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம். 1847-இல் செம்மல்வைஸ் அவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார்; சாவு சரிந்தது. சக மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. தங்கள் கை அசுத்தம் என்று கேட்க யாருக்குப் பிடிக்கும்? பிரசவித்தவளைத் தீட்டு என்று ஒதுக்குவது எவ்வளவோ சுலபம்.

வகுப்பில் நான் அதிகம் நிற்கும் வெண்பா வேறொன்று. விடிகாலையில் குப்பை நீக்கி, பாத்திரம் துலக்கி, சாணநீர் தெளித்து, சாலிலும் கரகத்திலும் தண்ணீர் நிறைத்து, பூ வைத்து, அடுப்பு மூட்ட வேண்டும். யார்? நன்மை வேண்டுபவர்கள். வியங்கோளில் சொல்லியிருப்பதால் ஆண், பெண் என்று தெரியாது. மாதவிலக்கின் மூன்று நாளும் பார்க்கக்கூடாதவளாக மட்டும் மனைவி தெளிவாக வந்துவிடுகிறாள். அந்த நாட்களில் சாலை யார் நிறைத்தார்கள் என்று நூலுக்குக் கவலையில்லை. ஒருமுறை பாபநாசம் பக்கத்துப் பெண் எழுந்து கேட்டாள்: “அவரு பத்துத் தடவ குளிக்க எத்தன கொடம்மா ஆகும்?” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தெருக்குழாயில் காலை ஐந்து மணி முறைக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு முதல் பேருந்தில் கல்லூரிக்கு வருகிறவள் அவள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவியர் கழிவறைக் குழாயில் பதினோரு மணிக்குமேல் தண்ணீர் வராது. சோப்பு ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். கடைசியில் சுவரில் ஒரு பலகை வந்தது: ‘தூய்மை காக்க’. அதுவும் வியங்கோள்தான்.