பழி தீர்த்தலும் பிணி தீர்த்தலும்

எமது கிழக்கின் சிறுகதைகளில் மறுமை அடிக்கடி வந்துபோகிறது. அநியாயக்காரனுக்கு இறைவனின் தண்டனை கிடைத்துவிட்டது என்று கதையை முடிப்பது எம்மவர் பலருக்குக் கைவந்த முறை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர் அப்படி எழுதத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் இறைதீர்ப்பு தண்டனையோடு முடிந்துவிடுகிறதா என்ற வினாவை நாம் போதியளவு கேட்கவில்லை.

வாவிக்கரையில் எம்மோடு வாழும் கிறிஸ்தவர்களின் மரபு இவ்வினாவை நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. கத்தோலிக்கரின் தமிழில் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்றொரு தொடர் உண்டு. இறந்த ஆன்மா மோட்சம் புகுமுன் தூய்மை பெறும் நிலை அது. நவம்பர் 2ஆம் திகதி அவர்கள் மன்றாடுவது இவ்வான்மாக்களுக்காகவே. பேச்சு வழக்கில் உத்தரித்தல் என்றால் துன்பப்படுதல். இங்கோ அத்துன்பத்துக்கு ஒரு கரை இருக்கிறது. புரட்டஸ்தாந்து சபைகள் இதனை ஏற்பதில்லை.

இதனினும் தூரம் சென்றவர் ஏழாம் நூற்றாண்டின் மார் ஈசாக். இன்றைய கட்டார் அமைந்த கரையோரப் பிரதேசத்தில் பிறந்தவர். நினிவேயில் சில மாதங்களே ஆயராயிருந்து துறவு வாழ்வுக்குத் திரும்பியவர். சிரிய மொழியில் அவர் எழுதியவற்றின் ஒரு பகுதியை 1983இல் ஒக்ஸ்போர்டில் செபஸ்தியன் புரொக் கண்டெடுத்தார். இறைவன் பழிவாங்குவதற்காகத் தண்டிப்பதில்லை, நரகமும் அவன் அன்புக்குப் புறம்பானதன்று என்பதே அதிலுள்ள வாதம். அவருக்கு முன்னர் இத்திசையில் சிந்தித்த ஒரிஜனின் பெயரால் வழங்கிய போதனைகள் ஆறாம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டன. எனவே இது கிறிஸ்தவத்தின் பொதுக்கருத்தன்று. எமது மரபிலும் நரகம் என்றேனும் அணையுமா என்ற விவாதம் இப்னு தைமிய்யா, இப்னுல் கையிம் ஆகியோரின் எழுத்துகளையொட்டி எழுந்தது. தகியுத்தீன் அஸ்ஸுப்கி அதனை மறுத்து எழுதினார்.

இச்சிந்தனையில் நான் காணும் ஆபத்து ஒன்றுண்டு. குற்றவாளி குணமடைவதைப் பேசும்போது பாதிக்கப்பட்டவர் மறைந்துபோகலாம். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் பலியாகினர். குண்டைச் சுமந்து சென்றவன் எமது சமூகத்தவன். அவனை மறுமை திருத்தும் என்று அந்தத் தாய்மாரிடம் சொல்ல எமக்கு என்ன உரிமை? 2020 உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அதன் பின்னரும் உண்மையைக் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. மன்னிப்பு விசாரணைக்குப் பதிலாகாது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்குத் தம் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு உத்தரவிட்டது. பணம் உயிரை மீட்காது. ஆனாலும் அத்தீர்ப்பு இழந்தவர்களின் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வகுப்பில் ‘தீர்’ என்ற வினையைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் உதாரணங்கள் சொல்வார்கள்: பழி தீர்த்தான், கடன் தீர்த்தான், பிணி தீர்த்தான். தீர்ப்பு என்ற சொல்லும் அவ்வினையிலிருந்தே பிறக்கிறது. எம் கதைகள் முதல் உதாரணத்தோடு நின்றுவிட்டன. கொன்றவனின் முடிவை எழுதுவோர், இழந்தவளின் வாசலுக்கு மறுநாள் யார் போனார்கள் என்பதையும் எழுதட்டும்.