படுக்கையைச் சுற்றி நின்று ஜெபிப்பவர்கள்

பிறருக்காக ஜெபிப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் அன்றாடத்தில் ஊறிப்போன பழக்கம். பிள்ளை பரீட்சைக்குக் கிளம்பினால் ஜெபம், வெளியூர்ப் பயணம் என்றால் ஜெபம், புது வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஜெபம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஜெபக்குறிப்புச் சொல்லி முடிக்கவே நெடுநேரம் ஆகும். பக்கத்து வீட்டு இந்து அம்மாகூட, "எம் பொண்ணுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்கக்கா" என்று வாய்விட்டுக் கேட்பார். இந்தப் பழக்கத்தின் மடியில் வளர்ந்தவன் நான். அதை நேசிப்பதால்தான் அதன் பழுதையும் பேசவேண்டியிருக்கிறது.

ஜெபித்தால் நோய் தீருமா என்று எண்ணிப் பார்க்க முயன்றவர்கள் உண்டு. 2006-ல் 'அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்' இதழில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். தங்களுக்கு ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாமலே ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிகிச்சைக்குப் பின் சிக்கல் வந்தது. அதேபோல் தெரியாமல் இருந்து, ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம். 'உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்' என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களிலோ 59 சதவீதம். 'ஜெபக் குழுவையே அழைக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம்' என்ற கவலை அவர்களைத் தாக்கியிருக்கலாம் என்று குழுவிலிருந்த மருத்துவர் ஒருவர் ஊகித்தார்.

ஜெபத்தைக் கேலி செய்பவர்களுக்கு இது பிடித்த ஆய்வு. ஆனால் அங்கே ஜெபித்தவர்கள் நோயாளியின் முகத்தையே பார்த்ததில்லை. பெயரும் ஓர் எழுத்தும் கைக்கு வந்தன. எல்லாருக்கும் ஒரே வேண்டுதல் வாக்கியம் தரப்பட்டது. கடவுளை எண்ணிக்கைக்குள் அடைக்க முடியுமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அந்த ஆய்வு அளந்தது, உறவு கழிந்த ஜெபத்தை. நம் சபைகளில் நல்லபடி நடக்கிற ஜெபமோ உறவிலிருந்து பிறப்பது.

மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தால் வழி இல்லை. கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனிடம் விசுவாசச் சோதனை எதுவும் நடக்கவில்லை. பிறருக்கான ஜெபத்தின் பலம் முழுவதும் எனக்கு இதில் தெரிகிறது. சுமப்பவர்களுடைய தோள் நோக வேண்டும். ஒரு பெயரை நாள்தோறும் சொல்லி மன்றாடுகிறவருக்கு, அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஜெபம் முடிந்து எழும்போது கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்புகிறது. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பிக்காகத் தினமும் ஜெபிக்கிற அண்ணன், என்றைக்காவது ஒருநாள் போனை எடுத்தே தீருவான். ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர், ஒருவருக்காக உண்மையாக ஜெபித்துக்கொண்டே அவரை வெறுக்க முடியாது என்ற பொருளில் 1939-ல் வெளிவந்த நூலில் எழுதினார். அவர் நடத்திய குருமடத்தை நாஜிக் காவல்துறை இழுத்து மூடியிருந்த காலம் அது.

பழுது எங்கே தொடங்குகிறது? ஒரு புற்றுநோய் வார்டில் கண்டதைச் சொல்கிறேன். கீமோவில் முடி கொட்டி, தலையில் துணி கட்டிய ஓர் அம்மா. கையில் டிரிப்ஸ். ஐந்தாறு பேர் சுற்றி நிற்க, ஊழியக்காரர் அவர் தலையில் கைவைத்து அழுத்தி உரத்த குரலில் ஜெபித்தார். அந்த அம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜெபம் முடிந்ததும், "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது தடையா இருக்கான்னு யோசிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போனார். "நான் என்னடி பண்ணினேன்?" என்று அந்த அம்மா மகளிடம் கேட்டார். அதற்குப் பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுமக்க வந்தவர்கள், தங்கள் ஜெபம் பலிக்காத பழியையும் சேர்த்து நோயாளியின் மேல் இறக்கிவிட்டுப் போகிறார்கள். இதைவிடக் கொடுமையான உதவி எனக்குத் தெரியாது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு மறுத்ததை யோவான் எழுதிவைத்திருக்கிறார். அதைப் பிரசங்கிக்கிற வாயே வார்டில் இப்படிப் பேசுகிறது. 'சுகமாயிற்று' என்று மேடையில் அறிவித்த கையோடு இன்சுலினை நிறுத்தச் சொல்வதும் இதன் நீட்சிதான்.

இன்னொன்று, கேட்காமல் ஜெபிப்பது. பர்திமேயு குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும், உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவனைக் கேட்டார். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்பதே யாக்கோபு நிருபத்தின் ஒழுங்கு. அழைப்பது நோயாளியின் உரிமை. சக்கர நாற்காலியில் இருப்பவரைச் சந்தையில் வழிமறித்துக் கைவைக்கும் அன்பர்கள் இதைப் படித்தார்களா? ஜெபக்குறிப்பு என்ற பெயரில் மருமகளின் கருச்சிதைவும் மகனின் குடியும் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வாட்ஸ்அப் குழுவுக்குப் போவதும் சரியல்ல. ஜெபம் கேட்ட பக்கத்து வீட்டு அம்மாவிடம், சுகமானால் சபைக்கு வரவேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அப்படியே. நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைக் குணமாக்கிய இயேசு அந்த வீட்டாருக்கு எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. காணிக்கைத் தொகைக்கேற்ப ஆசீர்வாதம் அறிவிக்கும் திட்டங்களைப் பற்றி ஒரே வரி போதும்: அது விற்பனை.

டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தார். அவருடைய சுகத்துக்காக ஜெபித்தவர்கள் ஏராளம். ஆனால் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் கைப்பிரதிகள் அவரைத் தொடவில்லை. அதனாலேயே நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய நூலாக 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' 1933-ல் வந்தது. படுக்கையிலிருந்தே பிள்ளைகளுக்காகவும் உடன் ஊழியர்களுக்காகவும் ஜெபித்தார்.

நம் சபைகள் தவறவிடுவது இதைத்தான். நோயாளி என்றால் வாங்கிக்கொள்பவர் என்றே வைத்திருக்கிறோம். யோபுவின் கதை முடிவதோ வேறுவிதமாக. பாவம் செய்திருப்பாய் என்று அவனைக் குத்திக் குதறிய சிநேகிதர்களுக்காக, புண்ணோடு இருந்த யோபுதான் ஜெபிக்க வேண்டியிருந்தது. கடவுள் அவனுடைய ஜெபத்தையே ஏற்றுக்கொண்டார். வார்டுக்குப் போகிறவர்கள் முதலில் கட்டிலருகே உட்காரட்டும். ஜெபிக்கலாமா, எதற்காக ஜெபிக்கட்டும் என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் பழத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கட்டும். கிளம்பும்போது தங்கள் வீட்டுக் கவலை ஒன்றைச் சொல்லி, "எனக்காகவும் ஜெபிச்சுக்கோங்கம்மா" என்று அவரிடம் ஒரு ஜெபக்குறிப்பைக் கொடுத்துவிட்டு வரட்டும்.