97 மதிப்பெண்ணுக்குள் அடங்காத சுருட்டு

2010-ஆம் ஆண்டின் சிறந்த சுருட்டாக அமெரிக்காவின் ‘சிகார் அஃபிஷியனாடோ’ இதழ் தேர்ந்தெடுத்தது கியூபாவின் கொஹீபா பெஹீக்கே பி.எச்.கே. 52. மதிப்பெண் 97. அது சந்தைக்கு வந்ததே அந்த ஆண்டில்தான். செடியின் உச்சியில் முழு வெயிலில் விளையும் ‘மெடியோ தியெம்போ’ இலை அதன் உள்ளீட்டில் சேர்கிறது. எல்லாச் செடியிலும் அந்த இலை வருவதில்லை. வரும் செடியிலும் ஓரிரண்டுதான் தேறும். கிடைப்பதே அரிதான ஒரு சரக்கின் மேல் 97 என்ற முத்திரையும் விழுந்தால், வாங்குகிறவன் அதற்குப் பிறகு சுருட்டைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறான்.

மார்வின் ஷாங்கன் 1992-ல் அந்த இதழைத் தொடங்கியபோது, ஒயினுக்கு ஏற்கெனவே பழகியிருந்த நூறு மதிப்பெண் முறையைச் சுருட்டுக்கும் கொண்டுவந்தார். சுருட்டின் காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டு, எண் மட்டும் எழுதிய வெள்ளைப் பட்டையைச் சுற்றிச் சுவைஞர்களிடம் கொடுக்கிறார்கள். தோற்றமும் கட்டும், சுவை, இழுப்பும் எரியும் விதமும், மொத்த அனுபவம் என்று பிரித்து மதிப்பிடுகிறார்கள். இந்த முறையின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. விலையும் பேரும் நாக்கை ஏமாற்றும். பட்டையைக் கழற்றினால் பேர் போன சுருட்டும் பேர் தெரியாத சுருட்டும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நிகராகுவா, டொமினிக்கன் குடியரசுச் சுருட்டுகள் கியூபாவுக்குச் சமமாகப் பேசப்படுவதில் இந்த மறைவுச் சோதனைக்குக் கணிசமான பங்கு உண்டு.

ஆனால் குறைந்த அளவில் வெளிவரும் சுருட்டிடம் இந்த மறைவு பலிப்பதில்லை. பெஹீக்கேயின் தலையைப் பாருங்கள்: மேல் இலையின் நுனியை முறுக்கி, சின்னக் குடுமி போல் விட்டிருப்பார்கள். பட்டையைக் கழற்றலாம், குடுமியைக் கழற்ற முடியாது. கியூபா 2000 முதல் வெளியிடும் ‘எடிசியோன் லிமிடாடா’ சுருட்டுகளுக்கும் இதே கதிதான். செடியின் மேற்பகுதி இலையைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதப்படுத்தி மேலே சுற்றுவதால் அவை கருத்திருக்கும். அளவும் அந்த வகையின் வழக்கமான அளவாக இருக்காது. அனுபவமுள்ள கைக்கு, பற்றவைக்கும் முன்பே அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு போடும் மதிப்பெண்ணில் எதிர்பார்ப்பும் கலந்துதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சுருட்டுகிறவரின் கையில் இருக்கிறது. ஒரே பெட்டியில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு சுருட்டுகள்கூட ஒன்றுபோல் எரிவதில்லை. உள்ளீட்டு இலையை ஓரிடத்தில் கொஞ்சம் இறுக்கி வைத்தாலே இழுப்பு அடைத்துக்கொள்ளும். புகை வராது, வந்தாலும் கசக்கும். 1990-களின் இறுதியில் உற்பத்தியை அவசரமாகப் பெருக்கிய கியூபா இந்தக் குறைக்காகவே பேரைக் கெடுத்துக்கொண்டது. பிறகுதான் தொழிற்சாலைகளில் இழுப்பைச் சோதிக்கும் கருவிகள் வந்தன. அப்படியிருக்க, 94-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் எதைச் சொல்கிறது? கலவையையா, அன்று சுருட்டிய கையையா? எண்ணைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சுவைஞரின் எழுத்தை நான் எண்ணுக்கு மேலே வைப்பது இதனால்தான். நல்ல சுருட்டு எரிய எரிய மாறும். முதல் மூன்றிலொரு பங்கில் மிளகுக் காரம் மூக்கில் ஏறும். நடுவில் அது தணிந்து காப்பியும் கோகோவும் தேவதாருவும் மேலே வரும். கடைசியில் சூடு கூடி, தோலின் வாசனையும் கசப்பும் தங்கும். எந்த இடத்தில் மாறியது, எங்கே தட்டையானது, சாம்பல் நின்றதா, ஒரு பக்கமாக எரிந்ததா என்று எழுதும்போது வாசகனுக்கு ஏதோ கிடைக்கிறது. கூட்டிப் போட்ட எண்ணில் இந்த மாற்றம் எல்லாம் கரைந்துபோகிறது.

நிகோட்டினையும் மறந்துவிடக் கூடாது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கான புகையிலை இருக்கக்கூடும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாய் வழியே ரத்தத்தில் கலக்கும். வாய்ப் புற்றுநோய் அபாயமும் அதோடு வருகிறது. ‘ஆழமான’, ‘நிறைவான’ என்று சுவைஞர் எழுதுவதில் எது சுவை, எது போதை என்று பிரித்துச் சொல்வது அவருடைய கடமை. சிலர் காட்டத்தைத் தனியாகக் குறிக்கிறார்கள். எல்லோரும் குறிக்க வேண்டும்.

மதிப்பெண் காலத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. இலையைக் குவித்துப் புழுக்கும்போது உண்டான அம்மோனியா நெடி சுருட்டிய பிறகும் பல மாதம் லேசாகத் தங்கும். குறைந்த அளவில் வரும் பெட்டிகளைப் பலர் வாங்குவதே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிக்கத்தான். மதிப்பெண்ணோ வெளிவந்த சூட்டில் போடப்படுகிறது. அந்த எண் பரவுவதற்குள் சரக்கு தீர்ந்துவிடும். மிச்சம் கைமாறும்போது விலை ஏறியிருக்கும். சுருட்டு நிறுவனங்களின் விளம்பரம் தாங்கி வரும் இதழிலேயே இந்த எண்ணும் வரும்போது, சுவைஞர் நேர்மையானவராகவே இருந்தாலும் வாசகனுக்குக் கேள்வி எழத்தான் செய்யும்.

இதற்கெல்லாம் மதிப்பீட்டையே கைவிட வேண்டியதில்லை. கியூபப் பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும், பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். அதை விமர்சனத்தோடு அச்சிடலாம். எத்தனை சுருட்டைக் குடித்துப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனை இழுப்பு அடைத்தன என்பதையும் சொல்லலாம். பிறகு அதே முத்திரையுள்ள பெட்டியை ஐந்து ஆண்டு கழித்துத் திறந்து, இரண்டாவது குறிப்பை முதல் குறிப்பின் பக்கத்திலேயே போடலாம்.